வாசலில் ஒரு பட்டைக்கோட்டுப் பந்தல்

போன ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணி. எங்கள் வீட்டு கேட்டுக்கு முன்னால் ஒரு பைக் வந்து நின்றது. வேட்டி கட்டிய ஒருவர் இறங்கினார். கையில் பெரிய ரோஜா மாலை. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"எப்போம்மா எடுக்கறாங்க?"

"எதை?" என்றேன்.

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். துக்கத்தில் மூளை குழம்பிவிட்டது என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது. "தேசிங்கு அண்ணனத்தாம்மா..." என்றார் மெதுவாக.

தேசிங்கு அண்ணன் எங்கள் ஹவுஸ் ஓனர். கீழ் வீட்டில் இருக்கிறார். அந்த நிமிஷம் உள்ளே உட்கார்ந்து மூன்றாவது இட்லிக்குச் சட்னி கேட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அது வாசல் வரைக்கும் கேட்டது. மாலைக்காரருக்கும் கேட்டது. அவர் முகம் போன போக்கு இருக்கிறதே... ஐயோ, அதை எப்படி எழுதுவது!

இத்தனைக்கும் காரணம் நான்தான். இன்னும் சரியாகச் சொன்னால், நான் ஆசை ஆசையாக வாங்கிய கோடு போட்ட பருத்தித் துணி. ஆரம்பத்திலிருந்தே சொல்லிவிடுகிறேன். நீங்களும் திட்டுவதாக இருந்தால் முழுசாகக் கேட்டுவிட்டுத் திட்டலாம்.

குரோம்பேட்டையில் இந்த மாடி வீட்டுக்கு நாங்கள் குடிவந்து நாலு வருஷம் ஆகிறது. வந்த நாளிலிருந்து ஹால் ஜன்னலில் தொங்குவது பழைய வீட்டு ஜன்னலுக்குத் தைத்த திரை. இங்கே ஜன்னல் பெரிசு. திரை பாதியிலேயே நின்றுவிடும். இன்றைக்கு மாற்றலாம், நாளைக்கு மாற்றலாம் என்று தள்ளிப்போட்டேன். போன மாதம் போனில் ஒரு வீட்டு அலங்கார வீடியோ கண்ணில் பட்டது. வெள்ளைச் சுவர், மரச் சாமான், எங்கே பார்த்தாலும் கோடு போட்ட காட்டன் துணி. திரையில் கோடு, குஷனில் கோடு, மேஜை விரிப்பில் கோடு. "எல்லாமே நம்ம ஊர்த் துணிதான்!" என்று அந்தப் பெண் சிலாகிக்கச் சிலாகிக்க எனக்குக் கை பரபரத்தது.

மறுநாளே தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு பழைய துணிக்கடைக்குப் போய்விட்டேன்.

"கோடு போட்ட காட்டன் வேணும்."

"எதுக்கு மேடம்?"

"வீட்டுக்கு."

"வீட்டுக்குன்னா... மெத்தைக்கா, டிராயருக்கா?"

"கர்ட்டனுக்கு!"

கடைக்காரர் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. ரொம்ப அக்கறையாக, "கர்ட்டனுக்குப் பூப் போட்டது காட்டட்டுமா?" என்றார்.

எனக்கு இது விநோதமாக இருந்தது. பூப் போட்ட துணி கேட்டால் யாராவது எதற்கு என்று கேட்கிறார்களா? பூ எங்கே வேண்டுமானாலும் போகும். புடவைக்குப் போகும், போர்வைக்குப் போகும், தலையணை உறைக்குப் போகும். கோட்டுக்கு மட்டும் நம் ஊரில் ஏற்கனவே ஒரு உத்தியோகம் போட்டுக்கொடுத்திருக்கிறோம். வெள்ளையில் மெல்லிசாக நீலக் கோடு என்றால் மெத்தை. பல கலரில் நெருக்கமாக ஓடினால் பட்டாபட்டி டிராயர். குறுக்கே தடிமனாக ஓடினால் ஜமுக்காளம். ஒரே பருத்தி, ஒரே சாயம்... கோட்டின் அகலம் கொஞ்சம் மாறினால் படுக்கையறையிலிருந்து கல்யாண மண்டபத்துக்குப் போய்விடுகிறது. யார் இதையெல்லாம் முடிவு செய்தது? எப்போது? கடைக்காரரிடமே கேட்டேன். "அது அப்படித்தான் மேடம்" என்றார்.

விடுவேனா? அதிலேயே மூன்று தினுசு வாங்கினேன். மெத்தைக் கோடு கொஞ்சம், டிராயர்க் கோடு கொஞ்சம். மூன்றாவதுதான் அழகு... உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பட்டை பட்டையாக. நல்ல கெட்டித் துணி.

"இது டெண்ட்காரங்க எடுக்கறது மேடம். வெயில்ல வெளுக்காது, லேசுல கிழியாது" என்றார்.

வெளுக்காது, கிழியாது என்ற இரண்டும் என் காதில் ஏறின. முதலில் சொன்னது ஏறவில்லை. என்ன செய்ய, என் காது அப்படி.

மெத்தைக் கோட்டில் சோபாவுக்குக் குஷன் உறை தைத்தேன். என் வீட்டுக்காரர் ஆபீஸ் விட்டு வந்தார், உட்கார்ந்தார், அமுக்கிப் பார்த்தார். "எந்த மெத்தையைக் கிழிச்ச?" என்றார். டிராயர்க் கோட்டில் சமையலறை ஜன்னலுக்குச் சின்னதாகத் திரை போட்டேன். அதைப் பார்த்து, "என் பட்டாபட்டிய ஏன் இங்க காயப்போட்டிருக்க?" என்றார். மனுஷனுக்கு ரசனை கிடையாது என்று விட்டுவிட்டேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

பட்டைக்கோடு மிச்சம் இருந்தது. அதற்கு ஒரு நல்ல வேலையும் கிடைத்தது.

தேசிங்கு அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெரு இருக்கும் இடமெல்லாம் ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்து நிலம். இப்போது வீடுகள். அவருக்கு வயது அறுபத்தெட்டு. நாள் முழுக்க முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, போகிறவர் வருகிறவர் எல்லோரையும் நிறுத்தி விசாரிக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. இரண்டு மாதத்துக்கு முன்னால் திடீரென்று நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். வெயிலில் உட்காரக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. எங்கள் வீடோ கிழக்குப் பார்த்த வீடு. காலை வெயில் பதினோரு மணி வரைக்கும் முன்வாசலில் காயும்.

"உள்ளாற உக்காந்தா செவுத்தத்தாம்மா பாத்துகினு இருக்கணும். செவுரு இன்னா பேசுமா?" என்று என்னிடம் புலம்பினார்.

எனக்குள்ளே இருந்த அலங்கார நிபுணி எழுந்துகொண்டாள். டெய்லரிடம் கொடுத்து, துணியைப் பெரிசாக இணைத்து, ஓரமெல்லாம் வளையம் வைத்துத் தைத்து வாங்கினேன். சனிக்கிழமை சாயந்திரம் வீட்டுக்காரரை ஏணியில் ஏற்றி, இரண்டு முனையை எங்கள் பால்கனி கிரில்லிலும், இரண்டு முனையை கேட் தூணிலும் நைலான் கயிற்றால் கட்டினோம். தெருவில் தள்ளி நின்று பார்த்தேன். அடடா! கடற்கரை ரிசார்ட் தோற்றது! தேசிங்கு அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். அவர் மனைவி பத்மா அக்கா மட்டும் ரொம்ப நேரம் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அழகாத்தான் கீது... ஆனா என்னமோ மாதிரி கீதும்மா" என்றார். என்ன மாதிரி என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் இன்னும் ஒரு படி மேலே போனேன். மொட்டை மாடியில் கிடந்த ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கழுவி, அந்தத் துணிக்கடியில் வரிசையாகக் காயப் போட்டேன். எல்லாவற்றுக்கும் கோடு போட்ட குஷன் தைப்பதாகத் திட்டம். தண்ணீர் கேன் போடுகிறவர் அன்றைக்குப் பார்த்து ஒரு கேனை நாற்காலிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் கார் எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனவர் கேட்டின் இரண்டு கதவையும் அகலத் திறந்துபோட்டுவிட்டுப் போனார்.

இப்போது நீங்களே தெருவில் நின்று பாருங்கள். பட்டைக்கோட்டுச் சாமியானா. வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலி. தண்ணீர் கேன். திறந்து கிடக்கும் கேட். அந்த வீட்டுப் பெரியவர் இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர்.

வேறு என்ன நினைப்பார்கள்?

தெருமுனை அயர்ன் கடைக்காரர் தோள் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டுக்கு எதிரே நின்றிருந்தார். நான் அவரைப் பார்த்துச் சிரித்து குட் மார்னிங் வேறு சொன்னேன்! தெரு வாட்ஸ்அப் குரூப்பில் ஏழே முக்காலுக்கே ஒரு புண்ணியவான் போட்டோவோடு செய்தி போட்டாகிவிட்டது. என் துணி போட்டோவில் பிரமாதமாக விழுந்திருந்தது. கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். ஒருவர் மட்டும் அவசரத்தில் பெருவிரலை உயர்த்திக் காட்டியிருந்தார்.

மாலைக்காரரின் குரல் கேட்டு பத்மா அக்கா வெளியே வந்தார். மாலையைப் பார்த்தார். மேலே துணியைப் பார்த்தார். நேற்று சொல்லத் தெரியாதது இன்றைக்கு விளங்கிவிட்டது.

"ஏம்மா, உனக்கு நான் இன்னா பாவம் பண்ணேன்? ஆஸ்பத்திரில இருந்து எமங்கிட்ட சண்ட போட்டு இட்டுகினு வந்துகீறேன் அந்த மனுசன... என் வாசல்லயே சாவுப் பந்தல் கட்டி வுட்டியே!"

சொல்லும்போதே அவருக்குக் குரல் உடைந்து அழுகை வந்துவிட்டது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "தெரியாம பண்ணிட்டேங்க்கா" என்று உளறிக்கொண்டே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். நைலான் முடிச்சு. அசையவே இல்லை.

அதற்குள் தேசிங்கு அண்ணனே கை கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"இன்னா குமாரு, காலங்காத்தால மாலையும் கையுமா நிக்கிற?"

குமாரு என்கிற மாலைக்காரர் திருதிருவென்று முழித்தார். நான்தான் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்குப் பயம்... இதயம் பழுதான மனுஷரிடம் போய், நீங்கள் செத்துவிட்டதாக ஊரெல்லாம் பேச்சு என்று சொல்லலாமா?

அவர் சிரித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பத்மா அக்கா அவர் நெஞ்சில் கை வைத்து, "போதும்யா, போதும்" என்று கெஞ்சுகிற அளவுக்குச் சிரித்தார். அப்புறம் நாற்காலி மேல் நின்ற என்னைப் பார்த்தார்.

"அவுக்காத."

"அண்ணா?"

"அவுக்காதம்மா. கட்டுனது கட்டுனபடி கெடக்கட்டும். யார் யார் வராங்கன்னு பாப்போமே!"

"உனக்கு இன்னா புத்தி கித்தி கெட்டுப் போச்சா?" என்று பத்மா அக்கா பாய்ந்தார்.

"ஏன்டி, இந்த மாதிரி பாக்கறதுக்கு எவனுக்குக் குட்து வெச்சிருக்கு? நெஜமாவே போய்ட்டா நான் எங்க பாக்கறது?"

எனக்கும் பார்க்க ஆசையாக இருந்தது. உங்களிடம் மறைப்பானேன்? பத்மா அக்காவுக்குப் பயந்து வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வந்தார்கள். கூடப் படித்த சிநேகிதர் ஒருவர் கண் கலங்க வந்து, தேசிங்கு அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. தூரத்துச் சொந்தத்தில் ஒரு அம்மா தெருமுனையிலிருந்தே, "என் ராசா போய்ட்டியே" என்று மாரில் அடித்துக்கொண்டு வந்தார். வாசலில் ராசா கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும், அதே ராகத்தில் கன்னாபின்னாவென்று திட்ட ஆரம்பித்துவிட்டார். பத்மா அக்காவே புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்துவிட்டார். டீ போட உள்ளே போய்விட்டார்.

ஆனால் நான் ஒன்று கவனித்தேன். தெருமுனையில் ஒவ்வொரு வண்டி திரும்பும்போதும் தேசிங்கு அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். வண்டி கடந்து போனதும் விட்ட இடத்திலிருந்து பேசினார்.

"யாரைக்கா பார்க்கறார்?" என்று டீ வாங்கும்போது கேட்டேன்.

"தம்பியத் தேடுது" என்றார் பத்மா அக்கா.

தம்பி ஏழுமலை இருப்பது கீழ்க்கட்டளையில். கூப்பிடு தூரம். ஆனால் கூப்பிட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. ஏழுமலை மகள் கல்யாணப் பத்திரிகையில் தேசிங்கு அண்ணன் பேர், தாய்மாமன் பேருக்குக் கீழே அச்சாகியிருந்ததாம். அவ்வளவுதான் விஷயம். அச்சகத்தில் தப்பு என்று தம்பி சொன்னார், வேண்டுமென்றே செய்தான் என்று அண்ணன் சொன்னார். கல்யாணத்துக்கு இவர் போகவில்லை. அதற்கப்புறம் அவர் வரவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் எதிரெதிரே வந்தால்கூட ஆளுக்கொரு கடையைப் பார்ப்பார்களாம்.

"ஆஸ்பத்திரில இருந்தப்பகூட வர்ல. கதவு தெறக்கற ஒவ்வொரு தபாவும் இது திரும்பித் திரும்பிப் பாத்துச்சு" என்றார் அக்கா.

இப்போது எனக்குப் புரிந்தது. எங்கள் பக்கத்தில் எப்பேர்ப்பட்ட சண்டையாக இருந்தாலும் சாவுக்கு மட்டும் வந்துவிடுவார்கள். வராமல் இருந்தால் ஊர் காறித் துப்பும். தேசிங்கு அண்ணன் அந்த நம்பிக்கையில்தான் என் துணிக்கடியில் உட்கார்ந்திருந்தார்.

இது தெரியாமல் பத்து மணிக்கு என் வீட்டுக்காரர் காய்கறிப் பையோடு வந்தார். நடந்ததைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே போனை எடுத்து குரூப்பில் போட்டுவிட்டார். தேசிங்கு அண்ணன் பூரண நலம், கட்டியிருப்பது வெயிலுக்காக, தவறுக்கு வருந்துகிறோம் என்று. ரொம்பப் பொறுப்பான மனுஷர். செய்துவிட்டு, "போட்டாச்சு அண்ணா, இனிமே யாரும் வரமாட்டாங்க" என்றார் பெருமையாக.

தேசிங்கு அண்ணன் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே வடிந்துபோனது.

"எதுக்கு சார் போட்டீங்க?" என்றார். "இனிமே அவன் எப்டி வருவான்?"

அப்புறம் யாரும் வரவில்லை. பதினொன்று, பன்னிரண்டு ஆனது. வெயில் மேலே ஏறி, துணிக்கு வேலையே இல்லாமல் போனது. ஒரு மணிக்கு பத்மா அக்கா சாப்பிடக் கூப்பிட்டார். பசிக்கவில்லை என்றார் அண்ணன். மாத்திரை போட வேண்டும், சாப்பிடாமல் போட முடியாது. அக்கா இரண்டு முறை வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் கண்ணைக் காட்டினார். நான் ஏணியைக் கொண்டுவந்தேன்.

"அவிழ்த்துடறேன் அண்ணா. நீங்க உள்ள போய் சாப்பிடுங்க."

"கொஞ்ச நேரம் இரும்மா" என்றார். "கொஞ்ச நேரம்."

எனக்கு அழுகையாக வந்தது. வீட்டை அழகு பண்ணுகிறேன் பேர்வழி என்று இந்த மனுஷருக்கு இல்லாத ஒரு ஆசையைக் காட்டிவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டு ஏணியைப் பிடித்தபடி நின்றேன்.

இரண்டு மணி இருக்கும். ஒரு பழைய ஸ்கூட்டர் வந்து கேட்டுக்கு வெளியே நின்றது. இறங்கியவருக்கும் தேசிங்கு அண்ணனுக்கும் ஒரே மூக்கு. வெறுங்கையோடு வந்திருந்தார். கேட்டைத் தாண்டி உள்ளே வராமல், அங்கேயே நின்று துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேசிங்கு அண்ணன்தான் முதலில் ஆரம்பித்தார்.

"இன்னாடா, அண்ணங்காரன் சாவுக்குக் கைய வீசிகினு வந்துகீற? மாலை எங்க?"

"வாங்கினேன். ரேடியல் ரோடு சிக்னல்ல நிக்கறப்ப போன் வந்துச்சு, நீ சாவலன்னு. பூக்கடைல திருப்பிக் குட்க்கப் போனா, எடுத்துக்க மாட்டேன்னு அவன் சண்ட புட்ச்சான். வெச்சுக்கய்யான்னு போட்டுட்டு வூட்டுக்குப் போய்ட்டேன்."

"அப்ப உனுக்குப் பத்து மணிக்கே தெரியும்?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்குடா இப்ப வந்தே?"

ஏழுமலை தரையைப் பார்த்தார். செருப்பால் மண்ணைத் தள்ளினார். "சோத்துல கைய வெச்சேன். எறங்கல" என்றார். அப்புறம் ஏதோ கோபம் வந்தவர் மாதிரி குரலை உயர்த்தி, "நல்லாத்தான இருக்கே? பாத்தாச்சு, நான் கெளம்பறேன்" என்று ஸ்கூட்டர் பக்கம் திரும்பினார்.

"பத்மா!" என்று தேசிங்கு அண்ணன் போட்ட சத்தத்தில் நானே ஏணியை விட்டுவிட்டேன். "ரெண்டு தட்டு எட்றி! இவன் இன்னும் துன்னல!"

பத்மா அக்கா வந்து ஏழுமலையின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். உள்ளே முதல் கால் மணி நேரம் தட்டுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அதற்கப்புறம் பத்திரிகைச் சண்டை முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தது. இப்போது வாயில் சோற்றோடு. "அச்சாபீஸ்காரன் போட்டதுக்கு நான் இன்னாணா பண்ணுவேன்?" என்று தம்பி கத்த, "நீ பாத்துட்டுத்தானடா குட்தே?" என்று அண்ணன் கத்த, "மொதல்ல மாத்திரையப் போடு" என்று அக்கா இரண்டு பேரையும் சேர்த்துக் கத்த... நான் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து போக மனசே வரவில்லை.

சாப்பாடு முடிந்ததும் பத்மா அக்கா வெளியே வந்தார். நான் மறுபடி ஏணியை எடுத்தேன்.

"இரு. அவுக்க வாணாம்" என்றார் அக்கா. "அதும் பாட்டுக்குக் கெடக்கட்டும். ஆனா இப்டியே வுட்டா நாளைக்கும் எவனாச்சும் மாலைய எட்த்துகினு வருவான்."

பக்கவாட்டில் நிற்கும் மாமரத்திலிருந்து ஒரு கிளையை ஒடித்தார். நானும் உட்கார்ந்து ஒவ்வொரு இலையாக மடித்துக் கொடுத்தேன். அக்கா நூலில் கோத்தார். துணியின் முன் ஓரத்தில், ஒரு தூணிலிருந்து இன்னொரு தூண் வரைக்கும் மாவிலைத் தோரணம் கட்டினோம். தெருவில் போய் நின்று பார்த்தேன். அதே துணி, அதே சிவப்பு வெள்ளை நீலம், அதே ஆறு நாற்காலி. ஆனால் இப்போது யார் பார்த்தாலும் அது விசேஷ வீடு. நாலு இலைக்கு இவ்வளவு சக்தியா? எந்த வீடியோவிலும் எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை.

அண்ணனும் தம்பியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்கள். சண்டை இன்னும் முடிந்தபாடில்லை.

நாலரை மணிக்கு அந்த வழியாகக் குடும்பத்தோடு பைக்கில் போன ஒருவர் தோரணத்தைப் பார்த்துவிட்டு வண்டியை மெதுவாக்கினார்.

"என்ன சார், வீட்ல விசேஷமா?"

"ஆமா நைனா" என்றார் தேசிங்கு அண்ணன். "தம்பி வந்துகீறான்."